எங்கள் கடையில் 'டி' பட்டன் சும்மா இருக்கிறது

பாபு,

போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். நேற்று ஞாயிற்றுக்கிழமை, அப்போதும் அதே பதில். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கம்பெனியில் மீட்டிங் வைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் மதியம் கடையில் ஆள் வராத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து இதைத் தட்டுகிறேன். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் மனுவும் கடிதமும் அடித்துக் கொடுத்தே காலம் போய்விட்டது, சொந்தமாக ஒரு கடிதம் அடிப்பது இதுதான் முதல் தடவை. கையால் எழுதலாம் என்று பார்த்தேன். எழுத்து கொஞ்சம் கோணினாலும் அம்மா அழுதுகொண்டே எழுதியிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வாய். நான் அழவில்லை. உன்மேல் கோபமாக இருக்கிறேன், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் கல்யாணப் பத்திரிகை என் எதிரே திரையில் இருக்கிறது. திருப்போரூர் முருகன் கோயிலில் முகூர்த்தம், பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு, உன் பெயர், வினோதினியின் பெயர், இரண்டு வீட்டுப் பெரியவர்களின் பெயர்கள், எல்லாம் அடித்து, ஓரத்தில் பூ வைத்து முடித்தாகிவிட்டது. ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் பத்திரிகை போட்ட கடையில் சொந்தப் பிள்ளையின் பத்திரிகை பிரிண்ட் போடாமல் நிற்கிறது. போன வாரம் வினோதினியின் அப்பா கூடுவாஞ்சேரியிலிருந்து போன் செய்து, "பத்திரிகைய கொஞ்சம் நிறுத்தி வைங்கம்மா, பொண்ணு யோசிக்கணும்ன்றா" என்று சொன்னபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உன்னைக் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா, சின்ன விஷயம்" என்றாய். சின்ன விஷயத்துக்கு எந்தப் பெண்ணும் கல்யாணத்தை நிறுத்தி வைக்க மாட்டாள். துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

கேளம்பாக்கத்தில் பிளாட் எடுத்திருக்கிறாய். உன் ஆபீஸ் அங்கிருந்து கூப்பிடு தூரம். வினோதினிக்கு அதே கம்பெனிதான் என்றாலும் ஆபீஸ் கிண்டியில். கல்யாணத்துக்குப் பிறகு அவள் தினமும் பஸ் மாறி மாறி அல்லாட வேண்டாம் என்று நினைத்து, உனக்குத் தெரிந்த மேனேஜரைப் பிடித்து அவளை உன் ஆபீஸ் பக்கமே மாற்றச் சொல்லிவிட்டாய். அவளுக்கு அது எப்படித் தெரிந்தது? அவளுடைய மேலதிகாரி கை கொடுத்து, "கங்கிராட்ஸ், கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் பக்கம் போறீங்களாமே" என்றாராம். அந்த மாதம்தான் கிண்டியில் அவளுக்கென்று ஒரு டீமைக் கொடுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். அது வேறு ஒருவருக்குப் போகப் போகிறது. இதையெல்லாம் சொல்லிவிட்டு என்னிடமே கேட்கிறாய், "அவ நல்லதுக்குத்தானேம்மா செஞ்சேன்? நீயே அவகிட்ட எடுத்துச் சொல்லேன்."

சொல்ல மாட்டேன். தூது போவதில் எனக்கு இருக்கும் வெறுப்பு உனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு காலத்தில் இந்த வீட்டில் தூது போனவன் நீதான். மறந்திருப்பாய். நீ எட்டாவது படித்த வருடம் இந்தக் கடையில் நடந்ததை முழுசாகச் சொல்கிறேன். பொறுமையாகப் படி. பாதியில் மீட்டிங் என்று எழுந்து போய்விடாதே.

உங்கள் அப்பா செங்கல்பட்டு கோர்ட் வாசலில் மெஷின் வைத்து மனு அடித்தவர். நான் ஸ்டேஷன் ரோட்டில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்து, பிறகு அங்கேயே சொல்லிக் கொடுத்தவள். கல்யாணம் ஆனதும் இரண்டு பேருமாக யோசித்து, கல்பாக்கம் நகரியத்தை ஒட்டி இருக்கும் இந்தப் புதுப்பட்டினம் கடைத்தெருவுக்கு வந்தோம். ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் நிறைய இருக்கும் ஊர், தீசிஸ் அடிக்கிற வேலைக்குக் குறைவிருக்காது என்று அப்பா கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். ஆனால் மனு அடிப்பது வேறு, தீசிஸ் அடிப்பது வேறு என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. வரிக்கு வரி ஆல்பா, பீட்டா, மியூ, மேலே ஒரு சின்ன எண், கீழே ஒரு சின்ன எண். டைப்ரைட்டரில் அதற்கெல்லாம் எழுத்து ஏது? அந்த இடத்தைக் காலியாக விட்டு அடிப்போம். எழுதினவர் கறுப்பு மையில் பேனாவால் போட்டுக்கொள்வார். ஒரு பக்கம் முழுக்க ஓட்டை விழுந்த சல்லடையாகத் தெரியும்.

பிறகு கம்ப்யூட்டர் வாங்கினோம். ஒன்றுதான். கடல் காற்றின் உப்பு உள்ளே போகாமல் இருக்க என் பழைய நூல் புடவையைக் கிழித்து உறை தைத்துப் போட்டது ஞாபகம் இருக்கிறதா? அதில் எல்லா எழுத்தும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு குறிக்கும் மவுஸைப் பிடித்து ஒரு பெட்டியைத் திறந்து, கட்டம் கட்டமாகத் தேடி, இரண்டு தட்டுத் தட்டி, மூட வேண்டும். ஒரு சமன்பாடு அடிப்பதற்குள் டீ ஆறிவிடும். ஒருநாள் அந்தப் பெட்டியின் அடியிலேயே, நமக்கு வேண்டிய குறிக்கு நமக்கு வேண்டிய பட்டனை நாமே வைத்துக்கொள்ளும் வழி இருப்பதை அப்பா கண்டுபிடித்தார். கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டு 'ஏ' தட்டினால் ஆல்பா. 'பி' தட்டினால் பீட்டா. அன்றைக்கு அவர் குதித்த குதியைப் பார்த்து எதிர்க்கடை மாவு மிஷின்காரர் என்னவோ லாட்டரி விழுந்துவிட்டது என்று ஓடி வந்தார்.

சந்தோஷம் ஒரு வாரம்தான். காலையில் கடை அவருடையது, உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிச் சமைத்து வைத்துவிட்டு மதியத்துக்கு மேல் நான் வருவேன். கம்ப்யூட்டர் ஒன்று, நாற்காலி ஒன்று, ஆள் மாறி ஆள். அப்பா குறிகளைப் பெயரை வைத்துப் பட்டனில் உட்கார வைத்தார். மியூவுக்கு 'எம்', சிக்மாவுக்கு 'எஸ்'. நானோ கை போகிற இடத்தில் வைத்தேன். அடிக்கடி வருகிற குறி பலமான விரலுக்குக் கீழே இருக்க வேண்டும், எப்போதோ வருவது சுண்டு விரல் பக்கம் போகலாம். இன்ஸ்டிட்யூட்டில் படித்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும்? முக்கால்வாசிக் குறிகளில் இரண்டு பேருக்கும் தகராறு வரவில்லை. வந்ததெல்லாம் 'டி' பட்டனில். அது என் இடது கை நடுவிரலின் இடம். வெப்பநிலை எழுதும்போது எண்ணுக்கு மேலே போடுகிற அந்தச் சின்ன வட்டம், டிகிரி, அதை நான் அங்கே வைத்திருந்தேன். டெல்டா என்கிற முக்கோணத்துக்கு அதே பட்டன்தான் வேண்டும் என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார். ஒரு பட்டன் ஒரு குறிக்குத்தான் இடம் கொடுக்கும். கடைசியாக யார் வைக்கிறார்களோ அவர்களுடையது நிற்கும், முன்பு வைத்தது போய்விடும்.

காலையில் அவர் முக்கோணம் வைப்பார். மதியம் நான் வட்டமாக மாற்றுவேன். மறுநாள் அவர் மறுபடி. முதலில் சிரித்துக்கொண்டுதான் மாற்றினோம். பிறகு சிரிப்பு நின்றது, பேச்சும் நின்றது. "இந்தாம்மே, நான் வச்சத நீ இன்னாத்துக்கு நோண்ற?" என்று அவர் ஒருநாள் எல்லார் முன்னாலும் கத்தினார். நானும் சும்மா இருக்கிற ரகம் இல்லையே. "கடை உங்களுதுன்னா விரல் என்னுது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு வார்த்தை உன் வழியாகத்தான். "அப்பாவ சாப்பிட வரச் சொல்லு." "பேப்பர் தீந்துடுச்சின்னு அம்மாகிட்ட சொல்லு." நீயும் ஒரு கையில் கிரிக்கெட் மட்டையோடு கடைக்கும் வீட்டு அடுப்படிக்கும் ஓடுவாய். வெளியே பார்ப்பவர்களுக்கு இது ஒரு பட்டனுக்காக வந்த சண்டை. எங்களுக்கு, இந்த வீட்டில் யார் பேச்சுக்கு மதிப்பு என்கிற சண்டை. அதை இரண்டு பேரும் வாய் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் ஜெயந்தியின் தீசிஸ் வந்தது. திருப்போரூர் பக்கத்துப் பெண். அவள் அப்பா அம்மா வாழ்நாளெல்லாம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அந்தத் தெருவிலேயே கல்லூரிக்கு அப்பால் போனவள் அவள் ஒருத்திதான். ஏதோ உலோகத்தைச் சூடாக்கிச் சூடாக்கி அது எப்படி அரிக்கிறது என்று வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கல்லூரியில் அவளுக்கு வேலை கிடைப்பதாக இருந்தது. தீசிஸைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்த ரசீதைக் காட்டினால்தான் வேலை. கடைசி நாள் ஒரு திங்கட்கிழமை. முதல் அத்தியாயங்களை அடித்து, அவள் திருத்திக் கொடுத்து, எல்லாம் ஒழுங்காகப் போனது. கடைசி அத்தியாயம்தான் அவசரம். முடிவுகள் எல்லாம் அதில்தான். அட்டவணை அட்டவணையாக வெப்பநிலை.

அதை நான் ஒரே மதியத்தில் அடித்து முடித்தேன். இன்ஸ்டிட்யூட்டில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், கண் காகிதத்தில் இருக்க வேண்டும், கை தன் வேலையைத் தானே செய்யும் என்பது. நிமிர்ந்து பார்த்தால் ஸ்கேலால் தட்டு விழும். நான் சொல்லிக் கொடுத்த காலத்தில் நானும் தட்டியிருக்கிறேன். அப்படிப் பழகின கை. திரையைப் பார்க்கவே இல்லை. அன்றைக்குக் காலையில் அப்பா 'டி'யை முக்கோணமாக மாற்றிவிட்டுப் போயிருந்தார். உன்னிடம் சொல்லி அனுப்பியதாக அவர் இன்றுவரை சத்தியம் செய்கிறார். "எங்கிட்ட ஒண்ணும் சொல்லல" என்று நீ அன்றைக்கே குய்யோ முறையோ என்று கத்தினாய். எது நிஜம் என்று கடவுளுக்குத்தான் தெரியும். என்னைக் கேட்டால், பக்கத்தில் இருக்கிற பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டியதைப் பிள்ளையிடம் சொல்லி அனுப்பியவர் பேரில்தான் தப்பு. அப்போதும் அதைத்தான் சொன்னேன், இப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

மறுநாள் காலையில் அவர் பிரிண்ட் எடுத்தார். நான் அடித்ததை அவர் படித்துப் பார்க்கிற வழக்கம் அந்த நாட்களில் நின்று போயிருந்தது. திருக்கழுக்குன்றத்தில் பைண்டிங் முடிந்து, தங்க எழுத்து போட்ட அட்டையோடு ஜெயந்தி வாங்கிக்கொண்டு போனாள். சனிக்கிழமை மதியம் திரும்பி வந்தாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அக்கா, இன்னாக்கா இது? ஐந்நூறு டெல்டா 'சி'ன்னு கீது. எங்க கைடு சார் தொறந்து பாத்துட்டு மூஞ்சியில அடிச்ச மாரி மூடி வச்சிட்டாரு" என்று சொல்லிப் புத்தகத்தை மேஜையில் வைத்தாள். திறந்து பார்த்தேன். அட்டவணை முழுக்க முக்கோணம். டிகிரி வர வேண்டிய இடம் எதையும் என் நடுவிரல் விட்டுவைக்கவில்லை.

நீ இப்போது நினைப்பதைத்தான் அப்பாவும் நினைத்தார். எல்லா முக்கோணத்தையும் ஒரே தட்டில் வட்டமாக மாற்றச் சொல்லிவிடலாமே! கம்ப்யூட்டர் அதைச் செய்யும். ஜெயந்திதான் கையைப் பிடித்துத் தடுத்தாள். அவளுடைய தீசிஸில் நிஜமான முக்கோணங்களும் இருந்தன. வெப்பநிலை எவ்வளவு மாறியது என்று சொல்லும் இடத்தில் முக்கோணம்தான் வர வேண்டும். எது நிஜம், எது என் விரல் போட்டது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அது அவளுக்குத்தான் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் ஆக வேண்டும். திங்கட்கிழமை காலையில் அவள் பஸ் ஏற வேண்டும்.

எதிர்க்கடையிலிருந்து அப்பா இரண்டு ஸ்டூல் இரவல் வாங்கி வந்தார். அந்தக் கடை திறந்ததிலிருந்து அந்த மேஜை முன்னால் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தது கிடையாது, அன்றைக்கு மூன்று பேர் உட்கார்ந்தோம். அப்பா காகிதத்தில் விரல் வைத்து இடத்தைக் காட்டுவார், ஜெயந்தி வட்டமா முக்கோணமா என்று சொல்வாள், நான் தட்டுவேன். ஆரம்பிக்கும் முன்பு ஒரு சிக்கல் வந்தது. 'டி'யை அழுத்தினால் இப்போது எது வர வேண்டும்? அப்பா என் பக்கம் திரும்பி, "இந்தாம்மே, நீதான் அடிக்கப் போற. டி-ய இன்னா பண்லாம், நீயே சொல்லு" என்றார்.

பாபு, கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவர் எனக்குப் புடவை வாங்கிக் கொடுத்திருக்கிறார், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறார், என் தம்பியின் படிப்புக்கு அலைந்திருக்கிறார். நல்ல மனுஷர்தான். ஆனால் என் வேலையில் ஒன்றை மாற்றும்முன் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. 'வட்டத்துக்கே வைங்க' என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. "ரெண்டுக்கும் வேணாங்க. அத சும்மா வுட்டுடலாம்" என்றேன். வட்டத்துக்கு என் வலது கை நடுவிரலுக்குக் கீழே இருக்கும் 'கே' கொடுத்தோம். முக்கோணத்துக்கு, டெல்டா என்ற பெயரின் நடுவில் வருவதால் 'எல்' இருக்கட்டும் என்று அவர் சொன்னார். 'டி'யில் இருந்ததை எடுத்துவிட்டோம்.

அன்று மதியமும் ஞாயிற்றுக்கிழமை பகலுமாக உட்கார்ந்து முடித்தோம். பள்ளிக்கூடம் இல்லாததால் நீதான் டீ வாங்கி வந்து கொடுத்தாய். நடுவில் அப்பா மெதுவாகச் சொன்னார், "கேட்டா நீ ஒத்துக்க மாட்டேன்னு தெரியும். அதான் கேக்காம மாத்திகினு இருந்தேன்." அதைக் கேட்டு ஜெயந்தி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் நானும் அதே காரணத்துக்காகத்தான் கேட்காமல் மாற்றிக்கொண்டிருந்தேன். ஞாயிறு சாயங்காலம் பைண்டர் கடையை நமக்காகத் திறந்து வைத்திருந்தார். பழைய அட்டையைப் பிரித்து, புதுப் பக்கங்களை வைத்துத் தைத்துக் கொடுத்தார். பசை காயவில்லை, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகிறேன் என்று ஜெயந்தி சொன்னாள். மறுநாள் ரசீதை வாங்கியதும் முதல் போன் எதிர்க்கடைக்குத்தான் செய்தாள், நம் கடையில் அப்போது போன் இல்லை. மாவு மிஷின்காரர் மாவுக் கையோடு ஓடி வந்து சொன்னார். இன்றைக்கு அவளே பேராசிரியை. அவளிடம் ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகளை வேறு எங்கும் விடுவதில்லை, நம்மிடம்தான் அனுப்புகிறாள்.

கம்ப்யூட்டர் எத்தனையோ மாறிவிட்டது. நீயே இரண்டு வாங்கிக் கொடுத்தாய். ஒவ்வொரு புது மெஷினிலும் முதல் வேலையாகப் பழைய பட்டன்களை எல்லாம் வைத்துக்கொள்வோம். 'டி'யை மட்டும் தொட மாட்டோம். புதிதாக ஒரு குறி வந்தால் அதை எங்கே வைப்பது என்று இரண்டு பேரும் பேசித்தான் வைக்கிறோம். சண்டை போடாமல் பேசுகிறோம் என்று நினைத்துவிடாதே. போன மாதம் யூரோ குறிக்கு இடம் பார்க்கும்போது அவர் கோபித்துக்கொண்டு மாமல்லபுரம் வரைக்கும் பஸ் ஏறிப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தார். வரும்போது எனக்கு மாங்காய் பத்தை வாங்கி வந்தார். யூரோவுக்கு இடம் அவர் சொன்னதுதான். மாங்காய்க்காக விட்டுக் கொடுத்தேன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்று உனக்கே புரிந்திருக்கும். வினோதினி பஸ்ஸில் அல்லாடக்கூடாது என்று நினைத்தாயே, அது நிஜமான அன்புதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவளை ஏன் கேட்கவில்லை என்று உன்னையே ஒரு தடவை கேட்டுப் பார். நேரம் இல்லை என்று சொல்லாதே. தினமும் மணிக்கணக்கில் போன் பேசுகிறவர்கள்தானே. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. உங்கள் அப்பாவுக்கும் எனக்கும் அதை ஒப்புக்கொள்ள ஒரு பெண்ணின் படிப்பே பணயமாக வேண்டியிருந்தது. நீ அவ்வளவு தூரம் போக வேண்டாம். அவள் எந்த வேகத்தில், எந்த விரலால், எதைப் பழகி வைத்திருக்கிறாள் என்று உனக்குத் தெரியாது. கிண்டி ஆபீஸ் உனக்குத் தூரம். அவளுக்கு அது கை போகிற இடம். ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன என்பதை வேண்டுமானால் நீயே முடிவு செய்துகொள். அவளுடைய நாளை, அவளுடைய வேலையைத் தொடுவதற்கு முன்னால் கேள். கேட்டுவிட்டு, பதிலை உனக்குச் சாதகமாகத் திருப்பாமல் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொள். இரண்டாவதுதான் கஷ்டம். உங்கள் அப்பாவுக்கு அது இன்னும் முழுசாக வரவில்லை, எனக்கும்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை வினோதினி இங்கே வந்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கூடுவாஞ்சேரியில் ரயில் ஏறிச் செங்கல்பட்டில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் தனியாக வந்தாள். அவளை வாசலில் பார்த்ததும் கையில் இருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். நேரிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அப்பா அவசரமாக வாழைக்காய் பஜ்ஜி வாங்கப் போய்விட்டார். சங்கடமான இடத்திலிருந்து நழுவுவதில் அவர் கெட்டிக்காரர். "பத்திரிகையப் பாக்கலாமா அத்த?" என்று கேட்டாள். நாற்காலியை அவளுக்குக் கொடுத்தேன். வரி வரியாக மெதுவாகப் படித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் தெரியவில்லை.

பஜ்ஜி வந்தது. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் அப்பா அவளிடம் எங்கள் பட்டன் வித்தையைக் காட்ட ஆரம்பித்தார். ஏ தட்டு, பி தட்டு, இது வரும், அது வரும் என்று. அவளும் குழந்தை மாதிரி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். 'டி'யைத் தட்டினாள், ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினாள். "மாமா, டி வேலை செய்யல."

"அது அப்டித்தாம்மா. சும்மா கீது" என்றார் அப்பா.

"ஏன்?"

அவர் சொல்ல ஆரம்பித்தார். நான் குறுக்கே புகுந்தேன். பையனிடம் சொல்லி அனுப்பினேன் என்று அவரும், அனுப்பவே இல்லை என்று நானும் அவள் முன்னாலேயே மறுபடி பிடித்துக்கொண்டோம். முதலில் அவள் மிரண்டு பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்போ நீங்க மாமாவக் கேட்டீங்களா அத்த, மாத்தறதுக்கு முன்னாடி?" என்றாள். இல்லை என்றேன். "நானும் அவரக் கேக்காமதான் அப்பாவ விட்டு உங்களுக்கு போன் பண்ணச் சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்கள் அப்பாவுக்கு அவசரம் உடம்போடு பிறந்தது. அவள் சிரித்ததைப் பார்த்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிவு கட்டி, மவுஸைப் பிடித்துக்கொண்டு, "அப்ப பிரிண்ட்டு போட்டுடட்டுமாம்மா?" என்று கேட்டார்.

"வேணாம் மாமா" என்றாள்.

என் உயிரே போய்விட்டது, பாபு. அப்பாவின் கை மவுஸில் அப்படியே நின்றது. அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, நாங்கள் ஏன் இப்படிப் பார்க்கிறோம் என்று புரியாதவளாக, "அவர் இன்னும் பாக்கலயே. அவரக் கேக்காம எப்படிப் போடறது?" என்றாள்.

இதை உன்னிடம் சொல்லச் சொல்லி அவள் அனுப்பவில்லை. நான் தூதும் போகவில்லை. என் கடையில் என் கண்ணால் பார்த்ததை எழுதியிருக்கிறேன். டிரான்ஸ்பர் விஷயத்தை உன்னிடம் நேரிலேயே பேசிக்கொள்கிறேன் என்றாள், அதில் அவள் விட்டுக் கொடுப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. விட்டுக் கொடுக்கவும் வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி வருகிறாள். அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும். முதல் பஸ்ஸைப் பிடித்து வா. எதிர்க்கடை ஸ்டூல் இரண்டையும் அப்பா இப்போதே வாங்கி வந்து மேஜை முன்னால் போட்டுவிட்டார், வருகிறவர்கள் எல்லாம் தடுக்கி விழுகிறார்கள். பத்திரிகை திரையில் திறந்தே இருக்கிறது.

அம்மா